எதிர்நஞ்சை அளந்த கதை

நம் வீடுகளில் வயது முதிர்ந்தவர்களின் கையைப் பார்த்தால் பெரியம்மைக்குக் குத்திய தழும்புகள் வட்ட வட்டமாகத் தெரியும். அந்நாளில் அம்மை குத்திய சில நாட்களில் அந்த இடம் சிவந்து, நீர் கோத்துக் கொப்பளித்து, பின்னர்ப் பொருக்குத் தட்டும். அப்படி ஆனால் "பிடித்துக்கொண்டது" என்பார்கள். பிடிக்காவிட்டால் மறுபடி குத்துவார்கள். தடுப்பு முறை பலித்ததா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட முடிந்தது.

தொண்டை அடைப்பானுக்கு, அதாவது டிப்தீரியாவுக்குப் போடும் ஊசியில் இந்த வசதி கிடையாது. குழந்தை சற்று அழும். ஒரு நாள் காய்ச்சல் அடிக்கலாம். குத்திய இடம் சிறிது வீங்கி வடிந்துவிடும். உள்ளே காப்பு உண்டாயிற்றா என்பதற்கு வெளியே ஓர் அடையாளமும் இராது. நோய் வந்த பிறகுதான் தெரியவரும் என்றால் அதைவிடக் கொடுமை வேறில்லை. நோய் வருமுன்பே, சிறிது இரத்தத்தைக் கொண்டோ தோலில் ஓர் ஊசிமுனையைக் கொண்டோ இதை அறிய முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையே இக்கட்டுரை. விடை தேடிப் புறப்பட்டவர்கள் வழியில் தடுப்பு மருந்தின் மீதே தடுக்கி விழுந்தார்கள் என்பதும், விழுந்தது எதன்மேல் என்று தெரியாமல் கால் நூற்றாண்டுக் காலம் கடந்து சென்றார்கள் என்பதும் இக்கதையில் உள்ள வேடிக்கை.

தொண்டையில் கிருமி, இதயத்தில் கேடு

தொண்டை அடைப்பான் முக்கியமாகக் குழந்தைகளைப் பிடிக்கும் நோய். தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போன்ற ஒரு படலம் படரும். அது மூச்சுக் குழலை அடைத்தால் குழந்தை மூச்சுத் திணறி இறக்கும். படலத்திலிருந்து தப்பிய குழந்தையும், தேறி வருவதாகத் தாய் மகிழ்ந்திருக்கும் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் இதயம் சோர்ந்து திடீரென இறப்பது உண்டு. சிலருக்கு அண்ணமும் கை கால்களும் செயலிழக்கும்.

இந்த நோயின் கிருமியை 1883இல் கிளெப்ஸ் என்பவர் நுண்ணோக்கியில் கண்டார். அடுத்த ஆண்டு லோஃப்லர் அதைத் தனியே பிரித்து வளர்த்தார். அவருக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. இறந்த குழந்தைகளின் உடலில் இதயம், சிறுநீரகம், நரம்புகள் எல்லாம் கெட்டிருந்தன. கிருமியோ தொண்டைப் படலத்தை விட்டு நகரவே இல்லை. தொண்டையில் உட்கார்ந்துகொண்டே இதயத்தைக் கெடுப்பது எப்படி? கிருமி ஏதோ ஒரு நஞ்சைக் கக்குகிறது, அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து ஊர் சுற்றுகிறது என்று லோஃப்லர் ஊகித்தார். 1888இல் பாரிஸின் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ரூ, யெர்சின் ஆகிய இருவரும் அந்த ஊகத்தை மெய்ப்பித்தனர். கிருமி வளர்ந்த குழம்பைப் பீங்கான் வடிகட்டியில் வடித்துக் கிருமியை நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிந்த நீரை மட்டும் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினர். கிருமி ஒன்றுகூட இல்லாமலே அவை அதே நோய்க் குறிகளுடன் இறந்தன.

1890 டிசம்பரில் பெர்லினிலிருந்து அடுத்த செய்தி வந்தது. ராபர்ட் காக்கின் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும், நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுப் பழகிய விலங்கின் இரத்தத்தில் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் ஒன்று தோன்றுகிறது என்று வெளியிட்டனர். இரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நிற ஊநீரில், அதாவது சீரத்தில், அப்பொருள் இருந்தது. ஊநீரை எடுத்து வேறொரு விலங்குக்குக் கொடுத்தால் காப்பும் கூடவே போயிற்று. இதற்கு எதிர்நஞ்சு என்று பெயர். இன்று நாம் எதிர்ப்பொருள் என்று பொதுவாகச் சொல்லும் பெருங் குடும்பத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டவற்றுள் ஒன்று இது.

குதிரைகளுக்கு நஞ்சு ஏற்றி, அவற்றின் ஊநீரை நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தும் மருத்துவம் விரைவில் தொடங்கிற்று. 1894இல் ரூ பாரிஸ் குழந்தைகள் மருத்துவமனையின் கணக்கை வெளியிட்டார். முன்பு தொண்டை அடைப்பானுடன் வந்த குழந்தைகளில் பாதிப் பேர் இறந்துகொண்டிருந்தனர். ஊநீர் கொடுத்தபின் இறந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். அதே காலத்தில் ஊநீர் கொடுக்காத மற்றொரு பாரிஸ் மருத்துவமனையில் சாவு சற்றும் குறையவில்லை.

படி தேய்ந்தால் என்ன செய்வது?

ஊநீர் விற்பனைக்கு வந்ததும் ஒரு பெருங் குறை வெளிப்பட்டது. ஒரு குதிரையின் ஊநீர் வலியதாக இருக்கும். இன்னொன்றின் ஊநீர் வெறும் நீராக இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நிறுத்துப் பார்த்தும் பயனில்லை. ஏனெனில் எதிர்நஞ்சு மற்றப் புரதங்களுடன் கலந்து கிடக்கிறது, அதைத் தனியே பிரிக்க அன்று வழி இல்லை. சாகக் கிடக்கும் குழந்தைக்கு எவ்வளவு கொடுப்பது? இந்தச் சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு பால் எர்லிக் என்ற மருத்துவரிடம் வந்தது. பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் ஊநீர்ச் சோதனைக்கென்றே ஒரு நிலையம் 1896இல் தொடங்கப்பட்டு, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஒரு பொருளைப் பார்க்க முடியாவிட்டால், அது செய்யும் வேலையைக் கொண்டு அளக்கலாம். எதிர்நஞ்சின் வேலை நஞ்சை முறிப்பது. 250 கிராம் எடையுள்ள கினிப் பன்றியை ஏறத்தாழ நான்கு நாட்களில் கொல்லும் மிகக் குறைந்த நஞ்சை ஒரு சாவளவு என்று வைத்துக்கொள்வோம். அத்தகைய 100 சாவளவு நஞ்சை முற்றிலும் முறிக்கும் ஊநீரில் ஓர் அலகு எதிர்நஞ்சு உள்ளது எனலாம். முதலில் இப்படித்தான் கணக்கிட்டார்கள். நேரான, எளிய முறை.

ஆனால் கணக்கு நிலைக்கவில்லை. ஒரே சீசாவில் வைத்த நஞ்சு சில மாதங்களில் வலுக் குன்றியது. கினிப் பன்றியைக் கொல்ல முன்னைவிட அதிக நஞ்சு தேவைப்பட்டது. அரிசியை அளக்கும் படியே நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தால் வியாபாரம் நடக்குமா? எர்லிக் இதைக் கண்டு சலித்து விட்டுவிடாமல் தேய்மானத்தையே ஆராயத் தொடங்கினார். அப்போதுதான் அவர் கண்ணில் ஒரு விந்தை பட்டது. பழைய நஞ்சின் கொல்லும் வலு பாதியாகக் குறைந்திருந்தாலும், அதை முறிக்க வேண்டிய எதிர்நஞ்சின் அளவு மட்டும் குறையவே இல்லை! பல் விழுந்த நாயைக் கட்டிப்போடவும் அதே நீளச் சங்கிலிதான் வேண்டியிருந்தது.

இதிலிருந்து எர்லிக் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். நஞ்சின் மூலக்கூறில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று பற்றிக்கொள்ளும் பகுதி. மற்றது கொல்லும் பகுதி. எதிர்நஞ்சு பிணைவது பற்றும் பகுதியுடன். நாள் செல்லச் செல்லக் கொல்லும் பகுதி சிதைகிறது. பற்றும் பகுதி அப்படியே நிற்கிறது. இவ்வாறு கொடுமை நீங்கி, வடிவம் மட்டும் எஞ்சிய நஞ்சுக்கு 'டாக்சாய்டு' என்று பெயரிட்டார். நஞ்சைப் போன்றது என்பது அதன் பொருள்.

ஆகவே தேயும் நஞ்சைப் படியாகக் கொள்ளக் கூடாது. தேயாத எதிர்நஞ்சைத்தான் படியாகக் கொள்ள வேண்டும். எர்லிக் ஒரு குறிப்பிட்ட ஊநீரை உலர்த்திப் பொடியாக்கி, ஈரத்தை உறிஞ்சும் பாஸ்பரஸ் பென்டாக்சைடுடன் சேர்த்து, காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களில் உருக்கி மூடி, குளிர்ந்த இருட்டறையில் வைத்தார். அதுவே மூல அலகு. 1897இல் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை இந்த முறையை விளக்கிற்று. 1922இல் உலக நாடுகள் சங்கம் அதே அலகைச் சர்வதேச அலகாக ஏற்றது; கோபன்ஹேகனில் இருந்த ஊநீர் நிலையம் அதன் காப்பாளர் ஆயிற்று.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கொல்லாத, ஆனால் எதிர்நஞ்சுடன் பிணையக்கூடிய ஒரு பொருள் 1897இலேயே மனிதன் கைக்குக் கிடைத்துவிட்டது. தடுப்பு மருந்துக்கு வேறென்ன வேண்டும்? எர்லிக்குக்கோ அது அளவையைக் கெடுக்கும் இடைஞ்சலாகவே தோன்றிற்று. அவரைக் குறை கூறுவதற்கில்லை. அன்று அவர்முன் இருந்தது நோயுற்ற குழந்தைக்கு எத்தனை அலகு என்ற கேள்விதான்.

அலகு மட்டும் தெரிந்தால் போதாது என்பதை 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் கண்டது. ஜிம் என்ற குதிரையின் ஊநீரில் எதிர்நஞ்சு இருந்தது உண்மை. கூடவே இரணசன்னியின் நஞ்சும் இருந்தது. அது சோதிக்கப்படவில்லை. 13 குழந்தைகள் இறந்தனர். உயிரியல் மருந்துகளைக் கண்காணிக்கும் சட்டம் அந்நாட்டில் அடுத்த ஆண்டே வந்தது.

தோலே சோதனைக் குழாய்

எர்லிக்கின் முறையில் ஒரு குதிரையின் ஊநீரைச் சோதிக்கப் பல கினிப் பன்றிகள் சாக வேண்டும். ஆயிரம் அலகுள்ள குதிரை ஊநீருக்கு அது சரி. ஒரு பள்ளிப் பிள்ளையின் இரத்தத்தில் அலகில் நூறில் ஒரு பங்கு இருக்கிறதா என்று பார்க்க அது உதவாது. 1909இல் ரோமர் என்பவர் ஒரு குறுக்கு வழி கண்டார். நஞ்சும் ஊநீரும் கலந்த கலவையில் மிகச் சிறு துளியைக் கினிப் பன்றியின் தோலுக்குள்ளேயே செலுத்தினார். முறிபடாத நஞ்சு சிறிது இருந்தாலும் அந்த இடம் சிவந்து கருகும். விலங்கு சாக வேண்டியதில்லை. ஒரே விலங்கின் தோலில் பல கலவைகளைப் பார்த்துவிடலாம்.

வியன்னாவில் பிர்க்கேயின் குழந்தைகள் மருத்துவ நிலையத்தில் பணியாற்றிய பேலா ஷிக் இதைக் கண்டு ஒரு படி மேலே சென்றார். கினிப் பன்றியின் தோல் எதற்கு? குழந்தையின் தோலிலேயே பார்த்துவிடலாமே! இரத்தத்தை எடுத்து நஞ்சுடன் கலப்பதற்குப் பதிலாக, நஞ்சைத் தோலில் இட்டால் குழந்தையின் இரத்தமே அங்கு வந்து அதனுடன் கலக்கும்.

இந்த எண்ணம் ஷிக்குக்கு வந்ததற்குத் தக்க காரணம் இருந்தது. அக்காலத்தில் ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் கண்டால் உடன்பிறந்தவர்கள் அனைவருக்கும் முன்னெச்சரிக்கையாகக் குதிரை ஊநீரைச் செலுத்தினர். அதனால் பலருக்குச் சில நாட்கள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வலியும் வந்தன. இந்த 'ஊநீர் நோய்' பற்றி 1905இல் முதன்முதலாக விரிவான நூல் எழுதியவர்கள் பிர்க்கேயும் ஷிக்குமே. எந்தக் குழந்தைக்கு ஊநீர் தேவை, எதற்குத் தேவை இல்லை என்று முன்கூட்டியே பிரித்துவிட்டால் வீணான துன்பம் குறையும் அல்லவா? ஷிக் 1913இல் தம் சோதனையை வெளியிட்டது இந்த நோக்கத்துடன்தான்.

சோதனை மிக எளியது. கினிப் பன்றியைக் கொல்லும் அளவில் ஐம்பதில் ஒரு பங்கு நஞ்சை முன்கையின் உட்புறத் தோலுக்குள் செலுத்த வேண்டும். எதிர்நஞ்சு இல்லாதவர்களுக்கு ஓரிரு நாட்களில் அந்த இடம் சிவக்கும். மூன்று நான்கு நாட்களில் சிவப்பு முற்றி, பின்னர்ப் பழுப்பு நிறமாகித் தோல் உரியும். எதிர்நஞ்சு உள்ளவர்களுக்கு ஒன்றும் நேராது. சிவந்தால் ஆபத்து, சிவக்காவிட்டால் காப்பு. பெரியம்மைக் குத்தலில் கொப்பளித்தால் நல்ல செய்தி; இங்கே அதற்கு நேர்மாறு. சில பெரியவர்களுக்கு நஞ்சினால் அன்றி, அதனுடன் கலந்த மற்றப் புரதங்களால் தோல் சிவப்பதுண்டு. ஆகையால் சூடாக்கி நஞ்சழித்த நீர்மத்தை மறு கையில் இட்டு ஒப்பிட்டனர்.

பல்லாயிரம் கைகளில் இச்சோதனையைச் செய்து பார்த்தபோது எதிர்பாராத ஒரு படம் தெரிந்தது. பிறந்த குழந்தைகள் பெரும்பாலோருக்குச் சிவக்கவில்லை. தாயின் எதிர்நஞ்சு தொப்புள்கொடி வழியாக வந்திருந்தது. ஆறு மாதம் கடந்ததும் அந்தச் சீதனம் தீர்ந்தது. பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன் மிகுதியானோருக்குச் சிவந்தது. வயது ஏற ஏற மறுபடி சிவப்பு குறைந்தது. வளர்ந்தவர்களில் பலர் தமக்குத் தொண்டை அடைப்பான் வந்ததே இல்லை என்றனர். ஆயினும் அவர்கள் இரத்தத்தில் எதிர்நஞ்சு இருந்தது. அறியாமலே கிருமியைச் சந்தித்து, சிறு தொண்டைக் கரகரப்புடன் தப்பியவர்கள் அவர்கள். நியூயார்க்கில் வில்லியம் பார்க்கும் ஆபிரகாம் ஜிங்கரும் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது, நெருக்கமான ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைவிட வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே அதிகம் சிவந்தது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் குழந்தைகளின் தோல் புண்களில் இக்கிருமி குடியேறி, ஓசையின்றிக் காப்பு அளித்து வந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. இதைக் கொண்டு 'அழுக்கே மருந்து' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தக் காப்பைப் பெறும் வழியில் இறந்த குழந்தைகள் கணக்கில் வருவதில்லை.

பார்க்கும் ஜிங்கரும் செய்த வேறொரு காரியம்தான் நம் கதைக்கு முக்கியம். நஞ்சையும் எதிர்நஞ்சையும் ஏறத்தாழச் சமமாகக் கலந்து, சிவந்த பிள்ளைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டனர். சில மாதங்கள் கழித்து அதே பிள்ளைகளுக்கு மீண்டும் ஷிக் சோதனை. முன்பு சிவந்த கை இப்போது சிவக்கவில்லை. ஊசி பலித்ததா என்ற கேள்விக்கு, நோய்க்காகக் காத்திராமல் விடை கிடைத்தது. யாருக்கு ஊநீர் வேண்டாம் என்று பிரிக்கப் பிறந்த சோதனை, தடுப்பூசியின் உரைகல்லாக மாறிவிட்டது.

இடைஞ்சல் மருந்தாயிற்று

நஞ்சும் எதிர்நஞ்சும் கலந்த மருந்து கத்திமேல் நடப்பது போன்றது. கலவை பிசகினாலோ, உறைந்து உருகினாலோ நஞ்சு விடுபடும். அந்த வழியில் விபத்துகள் நேர்ந்தன. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் 12 குழந்தைகள் இறந்த துயரத்துக்குக் காரணம் வேறு: கிருமித் தடுப்புப் பொருள் சேர்க்காத குப்பியில் சீழ்க் கிருமி வளர்ந்துவிட்டது. ஆயினும் மக்களுக்கு ஊசியின்மீதே அச்சம் பிறந்தது.

அதற்குள் வேறு வழி திறந்திருந்தது. லண்டனில் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் அலெக்சாண்டர் கிளென்னி, பார்மலின் பட்ட நஞ்சு கொல்லும் வலுவை இழந்தும் விலங்குகளில் எதிர்நஞ்சை உண்டாக்குவதைக் கண்டார். பிரான்சில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த காஸ்தோன் ரமோன், நஞ்சில் சிறிது பார்மலின் சேர்த்து உடல் வெப்பத்தில் சில வாரங்கள் வைத்து, முற்றிலும் தீங்கற்ற, நிலையான பொருளைப் பெற்றார். இருவரும் 1923இல் தத்தம் ஆய்வை வெளியிட்டனர். எர்லிக்கின் சீசாவில் தானாகத் தோன்றி அவரை இடைஞ்சல் செய்த டாக்சாய்டுதான் இது. இன்று நம் குழந்தைகளுக்குப் போடும் ஊசியில் உள்ளதும் இதுவே.

ரமோனுக்கும் இதை அளவைதான் காட்டிக் கொடுத்தது. 1922இல் அவர் விலங்கே வேண்டாத ஓர் அளவை முறையைக் கண்டிருந்தார். வரிசையாக வைத்த சோதனைக் குழாய்களில் ஒரே அளவு நஞ்சும், ஏறிக்கொண்டே போகும் அளவில் ஊநீரும் விட்டு வைத்தால், இரண்டும் சரியாக ஈடுகட்டும் குழாயில் முதலில் திரிதிரியாகப் படியும். பார்மலின் கலந்த நஞ்சும் முன்போலவே திரிவதைக் கண்டதால்தான் பற்றும் பகுதி கெடவில்லை என்று அவரால் உறுதி கொள்ள முடிந்தது.

கிளென்னியின் மற்றொரு கண்டுபிடிப்பை நான் இதைவிடப் பெரிதாக மதிக்கிறேன். தடுப்பூசி போட்ட விலங்குகளின் இரத்தத்தை நாள்தோறும் அளந்து வரைபடம் போட்டால் என்ன தெரியும்? முதல் ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு வாரங்கள் கோடு தரையோடு கிடக்கும், மூன்றாம் வாரத்தில் மெல்லத் தலை தூக்கும், அவ்வளவுதான். சில வாரங்கள் பொறுத்து இரண்டாம் ஊசி போட்டால் சில நாட்களிலேயே கோடு செங்குத்தாக ஏறும். உடல் முதல் சந்திப்பை நினைவில் வைத்திருக்கிறது. 1921இல் கிளென்னியும் அவருடைய உடனாய்வாளரும் இதை முதல் தூண்டல், இரண்டாம் தூண்டல் என்று பிரித்துக் காட்டினர். தடுப்பூசி போடும் செவிலியர் "நான்கு வாரம் கழித்து மறுபடி கொண்டுவாருங்கள்" என்று தாய்மாரிடம் சொல்வது இந்த வரைபடத்தைக் கொண்டுதான். முதல் ஊசியோடு நின்றுவிடும் குழந்தைக்குக் கிடைப்பது அந்தத் தரையோடு கிடக்கும் கோடு. 1926இல் படிகாரத்துடன் சேர்த்து டாக்சாய்டை வீழ்படிவாக்கினால் தூண்டல் வலுப்பெறும் என்பதையும் கிளென்னி குழுவினரே கண்டனர்.

பிரிட்டனில் இந்த ஊசி நாடு முழுவதும் பரவப் போர்க்காலம் வர வேண்டியிருந்தது. 1940இல் அங்கு 61,000க்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டு 3,283 பேர் இறந்தனர். 1957இல் நோய் கண்டவர் 38 பேர்; இறந்தவர் 6 பேர்.

நூறில் ஒரு பங்கு

காப்புக்கு எவ்வளவு எதிர்நஞ்சு வேண்டும்? ஷிக் தம் சோதனையில் சிவக்காதவர்களின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு முப்பதில் ஒரு பங்கு அலகாவது இருக்கும் என்று கருதினார். நுட்பமான தோல் சோதனைகள் வந்தபின் பார்த்தால் அதைவிடக் குறைந்த அளவிலும் தோல் சிவக்காமல் இருந்தது. இறுதியில் 0.01 அலகு என்ற எண் நிலைபெற்றது. அதற்குக் கீழே இருந்தால் காப்பு இல்லை, 0.01 முதல் 0.1 வரை ஓரளவு காப்பு, 0.1க்கு மேல் நல்ல காப்பு, 1.0க்கு மேல் நெடுநாள் நிற்கும் காப்பு என்று இன்றும் கணக்கிடுகின்றனர்.

இந்த எண் மதில் அன்று. தேவையான எதிர்நஞ்சு இருந்தும் நோய்வாய்ப்பட்டவர்கள் உண்டு. இல்லாமலே தப்பியவர்களும் உண்டு. மேலும் எதிர்நஞ்சு நஞ்சைத்தான் முறிக்கும், கிருமியை விரட்டாது. ஊசி போட்டவரின் தொண்டையிலும் கிருமி தங்கிப் பிறருக்குப் பரவலாம்.

எண் கிடைத்துவிட்டது; ஆனால் ஒவ்வொருவருடைய இரத்தத்திலும் அதை விலங்கின்றி அளப்பது எப்படி? 1950களில் ஆட்டின் இரத்த அணுக்களின்மேல் டாக்சாய்டைப் பூசி, எதிர்ப்பொருள் உள்ள ஊநீர் பட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் கண்டு அளந்தனர். 1974இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கினிப் பன்றியின் இடத்தில் உயிரணுவை வைத்தனர். ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்த 'வீரோ' என்ற அணுக்கள் அவை. ஊநீரையும் நஞ்சையும் கலந்து அணுக்களின்மேல் விட்டுச் சில நாட்கள் வைப்பார்கள். எதிர்நஞ்சு நஞ்சை முறித்திருந்தால் அணுக்கள் பிழைத்து, வளர்ந்து, அமிலத்தை வெளிவிட, அவற்றைச் சூழ்ந்த சிவப்பு நீர்மம் மஞ்சளாகும். முறிக்காவிட்டால் அணுக்கள் மடியும். நீர்மம் சிவப்பாகவே நிற்கும். சிவந்தால் ஆபத்து என்ற ஷிக்கின் விதி கண்ணாடித் தட்டிலும் அப்படியே அமைந்தது தற்செயல்தான்.

1971இல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மானும், ஹாலந்தில் வேறு இருவரும் நொதியைக் கொண்டு எதிர்ப்பொருளைக் காணும் முறையை வெளியிட்டனர். 'எலைசா' என்ற அதன் பெயர் இன்று நகர்ப்புற இரத்தப் பரிசோதனைக் கூடங்கள் அனைத்திலும் வழங்குகிறது. பிளாஸ்டிக் குழிகளில் டாக்சாய்டைப் பூசி, ஊநீரை விட்டுக் கழுவி, ஒட்டி நிற்கும் எதிர்ப்பொருளை நிறமூட்டும் நொதியால் காட்டுவார்கள். விலங்கு வேண்டாம், உயிரணு வேண்டாம். சில மணி நேரத்தில் பல பேருடைய இரத்தத்தைப் பார்த்துவிடலாம்.

எல்லாம் தீர்ந்தது போலத்தான் தோன்றிற்று. ஆனால் வீரோ அணுச் சோதனையுடன் ஒப்பிட்டபோது, எதிர்ப்பொருள் நிறைய உள்ளவர்களிடம் இரண்டும் ஒத்துப் போயின, 0.1 அலகுக்குக் கீழே ஒவ்வாமல் முரண்பட்டன. எந்த இடத்தில் விடை மிகவும் தேவையோ அந்த இடத்திலேயே புதிய முறை தடுமாறிற்று! காப்பு இல்லாத சிலரைக் காப்பு உள்ளவர் என்று அது சொல்லிவிடக்கூடும்.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான். டாக்சாய்டில் ஒட்டும் எதிர்ப்பொருள் எல்லாம் நஞ்சை முறிப்பதில்லை. பற்றுவது வேறு, கொல்வது வேறு என்று எர்லிக் சொன்னது எவ்வளவு நுட்பமான உண்மை என்பது இந்த நஞ்சின் அமைப்பை ஆராய்ந்தபோது தெரிந்தது. அதில் உண்மையாகவே இரு துண்டுகள் உள்ளன. ஒன்று உயிரணுவைப் பற்றிக்கொண்டு வாயிலைத் திறக்கும். மற்றது உள்ளே புகுந்து புரத உற்பத்தியை நிறுத்தும். உள்ளே புகும் துண்டின் ஒரே ஒரு மூலக்கூறு ஓர் உயிரணுவைக் கொல்லப் போதும் என்று 1978இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். பற்றும் துண்டை மறைக்கும் எதிர்ப்பொருள் உயிர் காக்கும். வேறெங்கோ ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் எலைசாத் தட்டில் நிறம் காட்டுவதோடு சரி. ஆகவே எலைசாவைப் பல வழிகளில் திருத்தினர். ஊநீரை முதலில் தனியே நஞ்சுடனோ டாக்சாய்டுடனோ கலந்து, பிணையாமல் எஞ்சியதை மட்டும் அளப்பது அவற்றுள் ஒன்று. ஐயம் வரும்போது கடைசித் தீர்ப்பு வீரோ அணுக்களிடமே விடப்படுகிறது.

உடலிடம் கேட்கும் கேள்வி

இந்த அளவைகள் வேறொரு துறைக்கும் பயன்பட்டன. 1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், ஓயாமல் கடும் கிருமித் தொற்றுக்கு உள்ளான எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். மின்னோட்டத்தால் ஊநீர்ப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது காமா குளோபுலின் என்ற பகுதியே அவனிடம் காணப்படவில்லை. எதிர்ப்பொருள்கள் இருக்க வேண்டிய இடம் அது. இத்தகைய குழந்தைகளுக்கு எத்தனை முறை டாக்சாய்டு போட்டாலும் ஷிக் சோதனையில் கை சிவந்துகொண்டே இருக்கும். அதனால் மருத்துவர்கள் தடுப்பூசியையே ஒரு கேள்வியாகப் பயன்படுத்தினர்: ஊசிக்கு முன் அளந்து, ஊசி போட்டு, சுமார் நான்கு வாரம் கழித்து மறுபடி அளந்தால், இந்த உடலுக்கு எதிர்ப்பொருள் செய்யத் தெரியுமா என்பது விளங்கிவிடும். ஷிக் சோதனை வழக்கொழிந்துவிட்ட இன்றும் இரத்தத்தில் அளந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

பெரியவர்களைப் பற்றிய பாடம் 1990களில் வந்தது. சோவியத் யூனியன் சிதறிய நாடுகளில் 1990 முதல் 1998 வரை 1,57,000 பேருக்கு மேல் தொண்டை அடைப்பான் கண்டு, 5,000 பேர் இறந்தனர். அவர்களுள் வளர்ந்தவர்கள் மிகுதி. சிறு வயதில் போட்ட ஊசியின் எதிர்நஞ்சு மெல்ல வடிந்துபோயிருந்தது. கிருமி ஊரில் உலவிய காலத்தில் அடிக்கடி அதைச் சந்தித்து எதிர்நஞ்சு புதுப்பிக்கப்பட்டது. கிருமி அருகிய பின் அந்தப் புதுப்பிப்பும் நின்றது. இந்த வடிதல் எவ்வளவு வேகமானது? பல ஆண்டுகள் சேமித்து வைத்த ஊநீர்களை அளந்து 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, எதிர்நஞ்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டது. முதலில் நிறைய இருந்தவருக்கு இது பெருங் காலம்; 0.02 அலகுடன் நிற்பவருக்கு ஒரே பாதியில் எல்லை வந்துவிடும்.

நம் நாட்டில் தொண்டை அடைப்பான் இன்னும் ஒழியவில்லை. உலகில் ஆண்டுதோறும் பதிவாகும் நோயாளிகளில் பெரும் பங்கு பல ஆண்டுகள் இந்தியாவுடையதாகவே இருந்துள்ளது; 2018இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2016இல் நோய் தலைதூக்கிற்று. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் ஊசி, 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியாக மாறியது. அதன்பின் ஒன்றரை வயதையொட்டியும், ஐந்து வயதிலும், பத்திலும், பதினாறிலும் போட வேண்டியவற்றை மறப்பவர்கள்தாம் அதிகம். கிளென்னியின் வரைபடத்தில் கோட்டை மறுபடி தூக்கிவிடுவது அந்த ஊசிகள்தாம்.

2015இல் ஸ்பெயினில் தடுப்பூசி போடாத ஆறு வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. அந்நாட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்நோய் காணப்படவில்லை; ஆகவே எதிர்நஞ்சும் கையிருப்பில் இல்லை. ரஷ்யாவிலிருந்து தருவித்துச் செலுத்தினர். குழந்தை பிழைக்கவில்லை. அவனோடு பழகிய பல குழந்தைகளின் தொண்டையில் அதே கிருமி இருந்தது. ஊசி போட்டிருந்ததால் அவர்களுக்கு நோய் வரவில்லை.

அந்த எதிர்நஞ்சு இன்றும் குதிரை ஊநீரிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதைச் செய்யும் நிலையங்கள் உலகில் மிகச் சிலவே. மனித இரத்தத்தை அளக்கவும் நெடுங்காலம் குதிரை ஊநீரின் படியையே வைத்திருந்தார்கள்; மனித எதிர்நஞ்சைக் கொண்டு தனிப் படி அமைத்தது இந்த நூற்றாண்டில்தான். நோயுற்ற குழந்தையின் நிலையைப் பொறுத்து 20,000 முதல் 1,00,000 அலகு வரை இப்போது கொடுக்கிறார்கள். குப்பியின்மேல் அச்சிட்டிருக்கும் அந்த அலகு, 1897இல் எர்லிக் கண்ணாடிக் குழாயில் உருக்கி மூடி வைத்ததன் வழிவந்த அதே அலகுதான்.